கொம்பு அறுக்காத வருடம்

மானுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, தங்கச்சி. பனிக்குள் படுத்து அசைபோடும். ஈரமும் காற்றும் சேர்ந்து வந்தால்தான் ஆடிப்போய்விடும். அதனால் கொட்டகையின் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும். கீழே காற்றுப் புகக் கூடாது, மேலே புகாமல் இருக்கவும் கூடாது. இதையெல்லாம் நீங்கள் பொலிஸ்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாவம், அவருக்கு எழுதிக் கை நோகும்.

உங்கள் பெயர் பாமா என்றார்கள். ஊர் திருச்சிப் பக்கம் என்று நீங்களே சொன்னீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு உங்களுக்கு முழுதாக விளங்காது என்றுதான் நான் புத்தகத் தமிழில் மெதுவாகச் சொல்கிறேன். ஆனால் நான் ஒரு வசனம் சொன்னால் நீங்கள் ஆங்கிலத்தில் மூன்று வசனம் சொல்கிறீர்கள். மற்ற இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை. எனக்கும் ஆங்கிலம் விளங்கும். தமிழில் சொன்னால் பிசகில்லாமல் சொல்லலாம் என்பதற்காகத்தான் உங்களைக் கேட்டேன்.

கணேசலிங்கம் என்பது என் பெயர். எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் பெற்றோல் ஸ்ரேசனுக்கும் கடைகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். நானும் கொஞ்ச நாள் ஒரு கடையில் பெட்டி அடுக்கினேன். பிறகு எட்மண்டனுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், ஒரு மான் பண்ணைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். இறைச்சிக்காக வளர்க்கிற சிவப்பு மான்கள். பண்ணைக்காரர் எட்வேட் வயதானவர், மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. மாடு பார்த்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் மாடு நின்றது என்றேன். அதை மறந்துவிட்டு வா என்றார்.

அவர் சொன்னது சரிதான். மாடு உங்களை ஒருமுறை நம்பிவிட்டால் நம்பியதுதான். மான் அப்படி இல்லை. நேற்றுத் தீன் போட்டவனையும் இன்று காலையில் புதிதாகச் சந்தேகிக்கும். தினமும் ஒரே சட்டையோடு போக வேண்டும். வேறு நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு போனால் மந்தை முழுவதும் வேலியோரம் ஓடிவிடும். அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போனது. மனிதரிலும் இப்படி இருப்பவர்கள்தான் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஒக்ரோபரில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொட்டகைக்குள் விடுவோம். முதல் சில நாள் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கும். அந்த நேரத்தில் யாராவது ஓடினால், கதவை அடித்துச் சாத்தினால், எல்லாம் ஒரே மூலைக்குப் பாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். அதற்காக மூலைகளில் பலகை அடித்து வளைவாக்கினேன். யன்னலுக்குச் சாக்குக் கட்டி வெளிச்சத்தைக் குறைத்தேன், இருட்டில் மான் அடங்கி நிற்கும். மனிதக் குரல் பழகட்டும் என்று ஒரு றேடியோப் பெட்டியும் வைத்து, நான் கொண்டுவந்த நாதஸ்வரக் கசற்றைப் போட்டுவிடுவேன். லண்டனில் என்னை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை, தங்கச்சி. கவுன்சில் கந்தோரில் என் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கொட்டகையில் நான் தொண்டையைச் செருமினால் எல்லாத் தலையும் திரும்பும். அந்தக் கொட்டகையை விட்டால் எனக்கு இங்கே வேறொன்றும் இல்லை. இதைப் பொலிஸ்காரருக்குச் சொல்லுங்கள். இது முக்கியம்.

எண்பத்து ஏழு ஜூனில் ஒரு பெண் மான் குட்டி போட்டுவிட்டு இறந்தது. ஆண் குட்டி. எட்வேட் தலையை ஆட்டி, அதை விட்டுவிடு என்றார். எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்து என் பிள்ளைகளின் பழைய பால்போத்தலைக் கொண்டுபோய், ஆட்டுப்பால் வாங்கிச் சூடாக்கி, மடியில் வைத்துப் பருக்கினேன். சின்னத்துரை என்று பெயர் வைத்தேன். வெள்ளைக்காரத் துரை மாதிரி மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்பான். கூப்பிட்டால் வருவான், சட்டைப் பையைத் துழாவுவான், என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு நிற்பான். வளர்ந்த பிறகு எட்வேட் அவனை இறைச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் கெஞ்சி நிறுத்தினேன். கொட்டகையின் பின்புறம் உயரப் பலகை அடித்து அவனுக்குத் தனி அடைப்புக் கட்டிக் கொடுத்தேன்.

இனி யோகராஜா. என் மனைவி சிவகௌரியின் ஒரே தம்பி. யோகன் என்று கூப்பிடுவோம். எண்பத்து ஒன்பதில் வந்து எங்களோடு எட்மண்டனில் இருந்தான். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் பழுதாகிப் போவான் என்று நான்தான் எட்வேட்டிடம் சொல்லிச் சேர்த்தேன். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். சிரித்த முகம். அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. எந்த நேரமும் சிரிக்கிறவன் எதையோ மூடிவைத்திருக்கிறான் என்பது என் அபிப்பிராயம்.

ஆறு மாதத்தில் மான்கள் அவனுக்குப் பழகிவிட்டன. எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஒரு நாள் கொட்டகைக்குள் போனால் என் கசற்றை எடுத்துவிட்டுக் கிரிக்கெட் வர்ணனை போட்டிருக்கிறான். குட்டிகள் எல்லாம் படுத்து நிம்மதியாக அசைபோடுகின்றன.

"நாதஸ்வரத்துக்கு உதுகள் கொஞ்சம் காதை விறைக்குதுகள் அத்தான்," என்றான். "மட்ச் எண்டால் சத்தமில்லாமல் கிடக்குதுகள்."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கத் தொடங்கினால் எல்லாம் கண்ணில் படும். அவனும் எட்வேட்டும் பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், நான் கிட்டப் போனதும் பேச்சு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்வேட்டின் வீட்டுக் கூரையைப் பார்க்கப் போகிறேன் என்று போவான். அந்தக் கூரைக்கு ஒரு குறையும் இல்லை. பண்ணை வாசலில் பூட்டிக் கிடந்த சின்ன வீடு ஒன்று உண்டு. முன்பு அங்கே பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவர் குடும்பத்தோடு இருந்தாராம். தொண்ணூற்றொன்று வசந்த காலத்தில் ஒரு நாள் அந்த வீட்டுக்குள் யாரோ ஒரு மேசன் அளவு எடுத்துக்கொண்டு நின்றான். அளவு நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யோகன்.

"என்ன நடக்குது இஞ்சை?" என்று கேட்டேன்.

"சும்மா அத்தான்," என்றான். முகம் சிவந்துபோனது.

வீட்டிலும் அப்படித்தான். அக்காவும் தம்பியும் அடுப்படியில், குசினிக்குள் நின்று குசுகுசுப்பார்கள். ஒரு நாள் சிவகௌரி யன்னல் சீலைக்குத் துணி வாங்கி வந்திருந்தாள். எங்கள் வீட்டு யன்னலுக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. என்னைக் கண்டதும் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். நான் முட்டாள் இல்லை, தங்கச்சி. வாசல் வீட்டுக்கு வருகிறவன்தான் இனிப் பண்ணையைப் பார்ப்பவன். எட்வேட்டுக்கு வயது போய்விட்டது. பிள்ளையில்லாத மனிதருக்கு ஒரு இளம் பிள்ளை சிரித்துப் பேசினால் போதும். என் மனைவி தம்பியின் வீட்டுக்குச் சீலை தைக்கிறாள். நான் அறுபது வயதில் திரும்பவும் கடையில் பெட்டி அடுக்க வேண்டும். எனக்கு நித்திரை இல்லை. ஆனால் வாய் திறந்து ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் உண்மை சொல்வார்களா என்ன?

ஆண் மானின் கொம்பு ஒவ்வொரு வருடமும் விழுந்து புதிதாக முளைக்கும். கோடை முடிகிறபோது தோல் உரிந்து, காய்ந்து, எலும்பாகிவிடும். அப்போது மரம் அரிகிற வாளால் அறுத்துவிடுவோம். நகம் வெட்டுவது போலத்தான், நோகாது. அந்த வருடம் ஓகஸ்டில் எட்வேட் இடுப்பில் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வேலை முழுதும் என் பொறுப்பு. எல்லா ஆண் மானுக்கும் நானும் யோகனும் அறுத்தோம். சின்னத்துரையின் அடைப்புக்குப் போனபோது, இவனை நான் பிறகு பார்க்கிறேன், நீ போய்த் தேத்தண்ணி குடி என்று யோகனை அனுப்பினேன். பிறகு பார்க்கவில்லை. எட்வேட் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில், கொம்பெல்லாம் அறுத்தாயிற்றா என்று கேட்டார். அறுக்க வேண்டியதை அறுத்தாயிற்று என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேனா என்று பொலிஸ்காரர் கேட்கிறார். நல்ல கேள்வி. இல்லை. அழகான கொம்பு, அறுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது. யோகன் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, இவனுக்கு மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதும் அதையே சொன்னேன். செல்லம்தான் என்று சிரித்தான்.

ஒக்ரோபர் வந்தது. குட்டிகளைக் கொட்டகைக்குள் விட்ட மறுநாள். எட்வேட் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் இன்னும் ஊன்றுகோலோடு அறைக்குள்தான். காலையில் நான் கொட்டகைக்குள் வாற்கோதுமை வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். சின்னத்துரையின் அடைப்பில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அது உண்மையாகவே ஒழுகியது. நான் ஒன்றும் செய்யவில்லை. யோகனைக் கூப்பிட்டு, போய் அதை இறுக்கிவிட்டு வா என்றேன். அவன் அடைப்பின் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அத்தான், உவன் உள்ளுக்கை நிக்கிறான். ஒரு மாதிரி முழிக்கிறான். ஒண்டும் செய்யமாட்டானோ?"

"நான் போத்திலிலை பால் குடுத்து வளர்த்தனான் அவனை," என்றேன்.

"அப்ப சரி அத்தான்," என்று சொல்லிவிட்டுக் கொளுக்கியைக் கழற்றினான்.

நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். அதில் என்ன பிழை என்று கேட்கிறீர்கள். உங்களுக்கும் விளங்கவில்லை, பார்த்தீர்களா? உங்கள் ஊரிலும் மாடுதான். எங்கள் வீட்டில் தாய் செத்த நாம்பன் கன்று ஒன்றைச் சிவகௌரியும் யோகனும் கஞ்சி ஊட்டி வளர்த்தார்கள். பெரிய எருதான பிறகும் குசினி வாசலில் வந்து நிற்கும், யோகன் அதன் கழுத்தில் தொங்குவான். கையால் வளர்த்தது நம்மை முட்டாது என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம். வெள்ளைக்காரப் பையன் ஒருவனிடம் நான் அதையே சொல்லியிருந்தால் அவன் கதவைத் தொட்டிருக்க மாட்டான்.

மானில் அது தலைகீழ். தாயோடு வளர்ந்த ஆண் மான் மனிதரைக் கண்டால் விலகும். போத்தல் பாலில் வளர்ந்தவனுக்கு அந்தப் பயம் கிடையாது. நம்மையும் மான் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். செப்ரெம்பர், ஒக்ரோபரில் ஆண் மானுக்கு மதம் ஏறும். கழுத்து வீங்கி, கண் மாறி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு முழக்கம் வரும். அப்போது தன் இடத்துக்குள் கால் வைக்கிற எந்த ஆணும் அவனுக்கு எதிரி. வருடம் முழுவதும் தோளில் நாடி வைத்துக்கொண்டு நின்றவன் அந்த இரண்டு மாதமும் என்னையே குத்தப் பார்ப்பான். நானே அந்த நாட்களில் வெளியில் நின்றுதான் தீன் போடுவேன். எட்வேட் முதல் நாளே தலையை ஆட்டியதற்குக் காரணம் அதுதான். யோகன் முதல் இரண்டு ஒக்ரோபரிலும் எட்வேட்டோடு மேல் வயலில் நின்றான், பின் அடைப்புப் பக்கம் வந்ததில்லை. அதனால் அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டதா என்று கேட்கிறார். கேட்டது. முதலில் பலகையில் மோதுகிற சத்தம். பிறகு "அத்தான்" என்று கூப்பிட்டான். பிறகு இன்னொரு தரம் கூப்பிட்டான். குட்டிகள் எல்லாம் ஒரேயடியாகத் தலையைத் தூக்கிவிட்டன. நான் முன்பே சொன்னேன், முதல் நாட்களில் அவற்றுக்கு நடுவில் ஓடக் கூடாது. ஓடினால் ஒன்றுகூட மிஞ்சாது. மெதுவாக நடந்துபோய் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். பயப்படாதையுங்கோ பிள்ளையள், ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்று அவற்றோடு பேசினேன். அவை அடங்கின. கட்டு வைக்கோல் பாதி மிச்சம் இருந்தது, அதையும் பரப்பிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அன்றைக்கு ஒரு குட்டிக்குக்கூடக் கால் சுளுக்கவில்லை. அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

அவன் இன்னும் கொஞ்சம் மூச்சோடு இருந்தான். நான் உள்ளே போகவில்லை, போயிருந்தால் இரண்டு பேர். எட்வேட்டின் கதவைத் தட்டினேன். அவர் ஊன்றுகோலோடு துவக்கை எடுத்துக்கொண்டு வந்தார். சின்னத்துரையை இரண்டு முறை சுட வேண்டி வந்தது. கொம்பிலெல்லாம் யோகனின் சட்டைத் துணி. நான் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது விபத்து என்று எழுதினார்கள். எட்வேட் தான் ஆஸ்பத்திரியில் இருந்ததால்தான் இப்படி நடந்தது என்று சொல்லிச் சொல்லி அழுதார். சிவகௌரி பேச்சே இல்லாமல் போனாள். அவளைப் பார்க்க எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் போன பிறகு எட்வேட் எங்களை வரச் சொல்லி, வாசல் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். இது உனக்குத்தான் என்றார். அத்தானுக்கு வயது போகிறது, பனிக்காலத்தில் பஸ் பிடித்து வருகிறார், அந்த வீட்டைத் திருத்தி அவருக்குக் கொடுங்கள், கூலி இல்லாமல் நான் வேலை செய்து தருகிறேன் என்று யோகன் ஒரு வருடமாகக் கேட்டானாம். முடிந்த பிறகு கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று எல்லாரும் பேசிவைத்திருந்தார்களாம். அவன் தைப்பொங்கலோடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊருக்குப் போய் ஒரு நண்பனோடு கடை எடுக்க இருந்தானாம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இறந்தவன் பெயரில் எதையும் சொல்லலாம். மாற்றிச் சொல்ல அவன் வரப்போவதில்லை. எட்வேட் நல்ல மனிதர், நான் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருப்பார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். சிவகௌரி அலுமாரிக்குள்ளிருந்து சீலையை எடுத்துத் தைத்துப் போட்டாள். யன்னலுக்குச் சரியாக இருந்தது. கதகதப்பான வீடு. நான் அங்கே நன்றாக நித்திரை கொண்டேன்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். சிவகௌரி கோப்பை துடைத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"சின்னத்துரை வளர்ந்த முதல் வருஷம், பிள்ளையளையும் என்னையும் அந்த அடைப்புப் பக்கம் போக வேண்டாமெண்டு சத்தியம் பண்ண வைச்சனீங்கள். கையாலை வளர்த்தது எண்டபடியால்தான் பயம் எண்டு சொன்னனீங்கள். தம்பிக்கும் அதைச் சொன்னனீங்களோ?"

"அவன் கேக்கேல்லை," என்றேன்.

அது பொய். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் அவள்தான் என் வாயிலிருந்து வரவைத்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தே இங்கே, இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். பொலிஸ் என்னைக் கூட்டிவர வந்தபோது நான் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. எழுதச் சொல்லுங்கள். ஓம், நான்தான். கொம்பை விட்டதும், அவனை உள்ளே அனுப்பியதும், கூப்பிட்டபோது போகாமல் நின்றதும் நான்தான். கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் ஒன்று, தங்கச்சி. இதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். என் மனைவியை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். இப்படியொரு கேள்வி அவளாக யோசித்துக் கேட்கிற கேள்வி இல்லை. யாரோ பின்னால் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னை அந்தக் கொட்டகையை விட்டு எழுப்ப வேண்டும் என்று இன்னும் ஒருவர் இருக்கிறார், நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியது அவரைத்தான்.